முறத்தில் அள்ளிய கூரை

கரண்டியை நிறுத்தினால் பொங்கல் அடிப்பிடித்துவிடும். அதனால் தாமரை நிறுத்தவில்லை. வகுப்பறைக் கதவைத் திறந்து, பார்க்கக் கூடாததைப் பார்த்து, திறந்த கையோடு மறுபடி இழுத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகச் சமையல் கூடத்துக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தவள்தான். நின்று யோசிக்க ஏது நேரம், யோசிக்கிறதானால் கை கிளறிக்கொண்டே யோசிக்க வேண்டியதுதான். வெளியே விடிந்தும் விடியாததுமாக ஒரு சாம்பல் வெளிச்சம். ராத்திரியெல்லாம் கொட்டிய மழை இன்னும் விடவில்லை, கூடத்துத் தகரத்தின் மேல் யாரோ ஓயாமல் பயறு கொட்டிக்கொண்டே இருக்கிற சத்தம். வகுப்பறைக்குள் விழுந்து கிடந்தது அம்மிக்கல் அளவு இருக்கும். இல்லை, அம்மியை விடப் பெரிசு, அம்மியையாவது மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கிவிடலாம், இதைத் தனியாகத் தூக்க முடியுமா என்று தெரியவில்லை. சீலிங்கிலிருந்து காரை ஒரே பாளமாகப் பெயர்ந்து விழுந்திருந்தது. விழுந்த இடம், ஒண்ணாப்பும் ரெண்டாப்பும் காலையில் தட்டை வைத்துக்கொண்டு உட்காருகிற வரிசை. அவளுடைய மகள் நிரு உட்காருகிற வரிசை. விழுந்த வேகத்தில் தரைச் சிமெண்டே குழிந்துபோயிருந்தது. பிள்ளைகள் நூல் கட்டித் தொங்கவிட்ட காகிதக் கிளி ஒன்று பாளத்துக்கு அடியிலிருந்து வாலை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தது. மேலே, பாளம் இருந்த இடத்தில் துருப்பிடித்த கம்பிகள், மீனைத் தின்றுவிட்டுப் போட்ட முள் மாதிரி. "போச்சா கிளி, பொங்கல் கேட்டு வந்தியா நீயி?" என்றது அவள் வாய். அவள் வாய் அப்படித்தான், அவளைக் கேட்காமலே பேசும். தாலி கட்டுகிற நேரம் கரண்டு போனபோது பந்தலில் முதலில் சிரித்தது கல்யாணப் பெண்தான். வலி எடுத்து ஆட்டோவில் போகும்போதும், பள்ளத்தில் விடாதே அண்ணா, இங்கேயே பெத்துட்டா உம் பேரத்தான் வெக்கணும் என்று டிரைவரைச் சிரிக்க வைத்தவள். இன்றைக்கும் வாய் பேசி முடித்துவிட்டது. கை மட்டும் கரண்டியை விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த வேலை கிடைத்தபோது தெருவே அவளைப் பொறாமையோடு பார்த்தது. மகளிர் குழுவில் இருக்கிறவளாக இருக்க வேண்டும், அவள் பிள்ளை இதே பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும், அப்போதுதான் காலைச் சாப்பாடு சமைக்கிற வேலை. தன் பிள்ளை தின்கிற சோற்றை எவளும் ஏனோதானோ என்று ஆக்க மாட்டாள் என்று மேலே இருக்கிறவர்கள் யோசித்துப் போட்ட சட்டம். நல்ல சட்டம்தான், தாமரை யாரைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்லுவாள், நான் கவர்மெண்ட்டுல இருக்கேன், கரண்டி டிபார்ட்மெண்ட்டு. விடியுமுன் வந்ததும் முதல் வேலை அடுப்பு இல்லை, விளக்குமாறு. பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் கோயில் மாதிரி இருக்க வேண்டாமா. அந்த ஒரே ஒரு பெரிய அறையை, நடுவில் பீரோவை நிறுத்தி இரண்டு வகுப்பாக்கிய அறையை, மூலை மூலையாகப் பெருக்குவாள். தினமும் கொஞ்சம் வெள்ளைப் பொடி கிடக்கும். பொடியோடு நகம் அளவு, பிறகு புளியங்கொட்டை அளவு, ஆடிக்கு அப்புறம் பொரிவிளங்காய் உருண்டை அளவு. ஆரம்பத்தில் அதை அவள் காரை என்று நினைக்கவில்லை, குப்பை என்றுதான் நினைத்தாள். குப்பை என்றால் அள்ள வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். முறத்தில் வாரி, கூடத்துக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டு, வாசலில் ஒரு கோலம் இழுத்துவிட்டால் அன்றைக்கு மனசு நிறைந்துவிடும். லூர்துமேரி டீச்சர் ஸ்கூட்டியிலிருந்து இறங்கும்போதே, "தாமர, உன் கை பட்டா பள்ளிக்கூடம் கல்யாண வீடு மாதிரி ஆயிடுதும்மா" என்பார். கட்டடம் பார்க்கிற இன்ஜினியர் ஒருத்தர் ஆனி மாதம் வந்தபோது அன்றைக்கென்று இரண்டு முறம் அள்ளியிருந்தாள். ஆபீசர் வருகிறார், தரை பளிச்சென்று இருக்க வேண்டாமா. அவர் வந்தார், தரையைப் பார்த்தார், ஒரு குச்சியால் மேலே நாலு இடம் தட்டினார், "லேசான விரிசல்தான், பூசினா சரியாயிடும்" என்றார். அவள் ஏலக்காய் தட்டிப்போட்ட டீயைக் குடித்தார், போனார். இப்போது சன்னல் வழியாக முருங்கை மரத்தடி தெரிந்தது. மழையில் பொடியெல்லாம் கரைந்து ஓடிப்போய், துண்டுகள் மட்டும் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்தன, அதன் மேல் ஒரு கோழி ஏறி நின்றுகொண்டு நனைந்துகொண்டிருந்தது. அவ்வளவு உயரமா. இத்தனை நாள் இது கண்ணில் படவில்லையா. கூரை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்துகொண்டே இருந்திருக்கிறது, அவள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், ஒருத்தர் கண்ணிலும் படாமல், அவ்வளவு சுத்தமாக.

தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு அம்சா அக்கா ஓடி வந்தாள். இரண்டு பேருமாகத்தான் இங்கே சமையல், அம்சாவின் மகன் நாலாப்பு, அம்சா என்றைக்கும் அரிசி வெந்த பிறகுதான் வருவாள். "கலெக்டரு லீவு விட்டாரா, பாத்தியா?" "நீயே பாருக்கா, என் கை பொங்கலுக்குள்ள கெடக்குது." அம்சா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு செல்போனைத் தேய்த்தாள். "பக்கத்து ஜில்லாவுக்கு விட்டுட்டாங்களாம்டி. நம்ம ஆளு இன்னும் போர்வைக்குள்ள கெடக்கறாரு போல." தாமரைக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் நின்றது. லீவு. மழை லீவு விட்டால். அய்யோ, இந்த ஒரு நாளைக்கு லீவு விட்டால் போதும். பிள்ளைகள்தான் மழை லீவுக்குச் சாமி கும்பிடும், அவள் இப்போது பிள்ளையைப் போல மனசுக்குள் கும்பிட்டாள், ஆக்கின பொங்கல் மொத்தமும் வீணானாலும் பரவாயில்லை, அந்தக் கோழிக்கே போட்டுவிடலாம். "என்னாடி, பேச்சக் காணோம், மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" "சீலிங்கு விழுந்து கெடக்குதுக்கா." "அது தெனம்தான விழுது." "பெரிசா." அம்சா நம்பாமல், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய் வகுப்புச் சன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து, அரிவாள்மணையை இழுத்துப் போட்டு சாம்பாருக்குக் கத்திரிக்காய் நறுக்க ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் நறுக்கினாள். பிறகு தலை நிமிராமல், "ராத்திரி விழுந்துச்சு பாரு, சாமி இருக்குதுடி" என்றாள். "இருக்குதுக்கா. காலையில அதுக்கு வேற வேல இருந்திருக்கும்." "வாய மூடுடி. எப்பப் பாரு பல்ல இளிச்சிக்கிட்டு." இன்னும் இரண்டு கத்திரிக்காய். "நான் கிளறுறேன். நீ போயி பெருக்கித் தள்ளிட்டு வா. டீச்சரு வர்றதுக்குள்ள. பாவம், அதுக்கும் பிரஷரு." தாமரை கரண்டியைக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. பெருக்கப் போனால் அள்ள வேண்டும், அள்ளினால் கொட்ட வேண்டும், கொட்டினால் தரை சுத்தமாகிவிடும்.

பொங்கல் கொப்புளம் விட்டு உடைந்தது. மிளகு சீரகத்தை நெய்யில் போட்டபோது வந்த வாசனைக்கு மற்ற நாளாயிருந்தால் அவளுக்கே நாக்கில் நீர் ஊறும், இன்றைக்கு அது மூக்கில் ஏறவே இல்லை. முந்தாநாள் ராத்திரி நிருவுக்குத் தலை வாரும்போது முடிக்குள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. ஈர். பேன் வைத்த ஈர்தான், வேறென்ன. எந்தப் பிள்ளை கிட்ட ஒட்டிக்கிட்டு வந்த, யார் தலையோட தலைய முட்டிக்கிட்டுத் திரியற என்று முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளை, "யாரு கிட்டயும் இல்லம்மா" என்றது. பொய் வேற சொல்றியா என்று இன்னொன்று. மருந்துக்கடையில் பாட்டில் வாங்கி வந்து தலையெல்லாம் தடவி, துண்டைக் கட்டி உட்கார வைத்து, எரியுது எரியுது என்று அது அழ அழ, பல்லு நெருக்கமான சீப்பால் வழித்து வழித்து எடுத்தாள். ஈர் என்றால் நகத்தில் வைத்து நசுக்கினால் டப்பென்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்தில் ஒரு சந்தோஷம். அன்றைக்கு எதுவுமே சத்தம் போடவில்லை. நகத்துக்கு நடுவில் மாவு மாதிரி நுணுங்கியது. மருந்தில் செத்துப்போன ஈர் போல என்று நினைத்துக்கொண்டாள், பாட்டிலுக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை என்றுகூட நினைத்தாள். இப்போது கரண்டிக் காம்பைப் பிடித்திருந்த அந்தக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தாள். சுண்ணாம்பு. சுண்ணாம்பும் சிமெண்டும். பிள்ளையின் தலையில் கூரை விழுந்திருக்கிறது, பொடிப் பொடியாக, தினமும், அவள் அதை ஈரென்று நசுக்கியிருக்கிறாள். அடித்துமிருக்கிறாள். நிரு ஏன் சொல்லவில்லை. மேலேருந்து விழுதும்மா என்று ஒரு வார்த்தை. சொல்லியிருக்குமோ. சொல்லி, நான்தான் அடுத்த வேலையைப் பார்த்துக்கொண்டு ம், ம் என்றேனோ. அது சொல்லுகிற கதை கொஞ்சமா நஞ்சமா, பூனை பேசுச்சு, நிலா கூடவே வந்துச்சு, மேலேருந்து விழுந்துச்சு. எல்லாவற்றுக்கும் ஒரே ம். புருஷன்காரன் தணிகாசலம் கேரளத்தில் கூரை ஒட்டப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் வேலைக்குப் போயிருக்கிறான், ஒரு தடவை போனில் காரை உதிர்வதைப் பேச்சுவாக்கில் சொன்னபோது, "கம்பி தெரியுதா?" என்று கேட்டான். "ஒரு எடத்துல தெரியுது." "அப்ப புள்ளைய அதுக்கு அடியில உக்கார வெக்காத." "அப்பறம் எங்க உக்கார வெக்கிறதாம், மேகத்துலயா?" அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள், பிறகு கடைக்காரன் கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தான், பேச்சு அதோடு போயிற்று. சிரிக்காமல் இருந்திருந்தால். இரண்டு பேரில் ஒருத்தராவது.

டீச்சரிடம் அவள் கேட்காமல் இல்லை. புரட்டாசியில் ஒரு நாள், துண்டு கொஞ்சம் பெரிசாக விழுந்தபோது, முறத்தோடு கொண்டுபோய்க் காட்டினாள். டீச்சர் முறத்தைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று. "தாமர, நான் எழுதிப் போடாம இல்லம்மா. பூச்சு வேல வேணும்னு எழுதினேன். ஆபத்துன்னு எழுதல. ஆபத்துன்னு எழுதினா என்ன ஆகும் தெரியுமா? நாளைக்கே வந்து பூட்டிடுவாங்க. பூட்டினா இடிப்பாங்க. இடிச்சா?" என்று மைதானத்துப் பக்கம் கையைக் காட்டினார். அங்கேதான் இன்னொரு கட்டடம் இருந்தது. ஆபத்து என்று எழுதி, பூட்டி, இடித்து, புதுசு வரும் வரும் என்று சொல்லி இப்போது அஸ்திவாரக் கல்லின் மேல் ஆடு படுத்துக்கொண்டிருக்கிறது. "இருக்கறது கைப்பிடி அளவு பசங்க. இதுக்குப் புதுக் கட்டடமா கட்டுவாங்க? பைபாசுக்கு அந்தப் பக்கம் இருக்கற பள்ளிக்கூடத்தோட சேத்துடுவாங்க. அதுக்குச் சரின்னா சொல்லு, இப்பவே ஆபத்துன்னு எழுதறேன்." டீச்சர் மிரட்டவில்லை, நிஜமாகவே கேட்டார், பேனாவைக்கூட எடுத்தார். தாமரை முறத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். பைபாஸ். நாலு வழிச் சாலை, நடுவில் இடுப்பளவு சுவர், அந்தச் சுவரை உடைத்து ஊர்க்காரர்களே செய்த ஒரு சந்து. அந்தச் சந்தில்தான் சுபாஷினி. இங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளை, மூணாப்பு முடித்ததும் அங்கே இங்கிலீஷில் சொல்லித் தருகிறார்கள் என்று மாற்றினார்கள். இங்கே இருந்த வரைக்கும் தினமும் கூடத்து வாசலில் வந்து நின்று, "அத்த, அடிக்காந்தல் இருக்கா?" என்று கேட்கும். கறுகினதைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது, ஆபீசர் பார்த்தால் வம்பு என்று துரத்துவாள். லாரிக்காரன் நிறுத்தத்தான் பார்த்தானாம். மழையாம். அன்றைக்கும் மழை. ஒரு செருப்பு இந்தப் பக்கமும் ஒரு செருப்பு அந்தப் பக்கமும் கிடந்ததாகச் சொன்னார்கள், அவள் போய்ப் பார்க்கவில்லை, பார்க்காததுதான் இப்போது கண்ணுக்குள் நிற்கிறது, பார்த்திருந்தால் ஒரு வேளை போயிருக்கும். ஒரு வாய் காந்தலைச் சுரண்டிக் கொடுத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும். அந்தச் சந்தில் நிருவா. நிரு குறுக்கே பார்க்காமல் ஓடுகிற பிள்ளை, கன்றுக்குட்டியைப் பார்த்தால் ஓடும், பலூன்காரனைப் பார்த்தால் ஓடும். வேண்டாம். கூரையே தேவலை. கூரையா தேவலை, அம்மியை விடப் பெரிசாகக் கிடக்கிறதே, அதுவா தேவலை.

அப்படியானால் இன்றைக்கு எங்கே. சாம்பார் கொதித்தது, அம்சா பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றினாள், தாமரை மனசுக்குள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து ஒவ்வொரு இடமாகக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துப் பார்த்தாள். வராந்தா. வராந்தாவில் சாரல் அடித்து இப்போதே குளம், போன வாரம்தான் அங்கே பாம்பு. சமையல் கூடம். பிள்ளைகள் உள்ளே கால் வைக்கக் கூடாது, அடுப்பு, சிலிண்டர், கொதிக்கிற சாம்பார், அது சட்டம், சட்டம் இல்லாவிட்டாலும் அவளே விடமாட்டாள். கோயில் மண்டபம். எவ்வளவு பெரிய மண்டபம், எவ்வளவு உறுதியான கூரை, ஆனால் அதில் பாதிப் பிள்ளைகளைத்தான் உட்கார விடுவார்கள், காலனிப் பிள்ளைகள் படிக்குக் கீழே. இந்தக் காரை விழுகிற கூரைக்குக் கீழேதான் எல்லாப் பிள்ளையும் ஒரே வரிசை. திருப்பி வீட்டுக்கே அனுப்பிவிடலாம். அனுப்பினால் எந்த வீட்டுக் கதவு திறந்திருக்கிறது, அம்மாக்காரிகள் எல்லாம் கம்பெனி வண்டி ஏறியிருப்பார்கள், நடவுக்குப் போயிருப்பார்கள். ஏரி வேறு நிரம்பியிருக்கிறது, பசங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் கால் தானாக ஏரிக்கரைக்குத்தான் போகும். கூரை, சாலை, ஏரி. சாலை, ஏரி, கூரை. கரண்டி சுற்றுகிற மாதிரியே யோசனையும் சுற்றி, சுற்றின இடத்துக்கே வந்து, அடியில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு பிள்ளையை இந்த ஊரில் உட்கார வைக்க ஒரு சாண் இடம் இல்லை. வேலையை விட்டுவிட்டு நிருவை மட்டும் எங்கேயாவது தூக்கிக்கொண்டு போய்விடலாம், தணிகாசலத்திடமே போய்விடலாம். போனால்? நிரு உட்காருகிற இடத்தில் நிரு இருக்க மாட்டாள், வேறொரு பிள்ளை நகர்ந்து உட்காரும். பாளத்துக்கு யார் பிள்ளை என்று பார்க்கத் தெரியுமா. அம்சா மறுபடி செல்போனைப் பார்த்தாள். "வந்துடுச்சுடி. நம்ம ஜில்லாவுக்கு வழக்கம் போல பள்ளிக்கூடம் உண்டாம்." தாமரை அடுப்பை அணைத்தாள். நெருப்புச் சத்தம் நின்றதும் மழைச் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்டது.

லூர்துமேரி டீச்சர் மழைக்கோட்டோடு ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், சேற்றில் வண்டி நின்றுபோயிருந்தது. தலைமை ஆசிரியையும் அவர்தான், ரெண்டு வகுப்புக்கும் டீச்சரும் அவர்தான், மணி அடிக்கிறதும் அவர்தான். "என்ன தாமர, இன்னிக்கு வாசல்ல கோலத்தக் காணோம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். அவள் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கதவைத் திறந்து ஓரமாக நின்றுகொண்டாள். டீச்சர் பார்த்தார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி அவர் காலடியில் ஒரு சின்னக் குட்டை ஆயிற்று. "ஏசுவே" என்றார். பிறகு மேலே பார்த்தார், பிறகு பாளத்தைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "நான் பெருக்கல டீச்சர்" என்றாள் தாமரை. "நீங்க பாக்கணும்னு. யாராச்சும் வந்து பாக்கணும்னு. போட்டோ எடுங்க டீச்சர், மேல அனுப்புங்க. ஆபத்துன்னே எழுதுங்க." சொல்லிவிட்டாள். சொல்லும்போதே சுபாஷினியின் செருப்பு கண்ணுக்குள் வந்தது, அதையும் மீறிச் சொல்லிவிட்டாள். டீச்சர் கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். எடுத்து, பாளத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றார். "அனுப்பறேன்மா. அனுப்பித்தான் ஆவணும். எனக்கு என்ன, வேற ஊருக்கு மாத்துவாங்க, போயிடுவேன். இந்தப் பசங்கள பைபாசுல யாரு தெனம் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போவா? நீயா? உனக்கு இங்க வேலயே இருக்காது." "தெரியும் டீச்சர்." "தெரிஞ்சிதான் சொல்றியா?" "எதுவும் தெரியல டீச்சர்." அந்த நேரம் பார்த்து வாசல் கேட்டருகே பிள்ளைகளின் கூச்சல் கேட்டது, ஒரே குடைக்குள் நாலு தலை, தலையில் பை, தலையில் தட்டு, சேற்றுத் தண்ணீரில் வேண்டுமென்றே குதிக்கிற கால்கள். பசியோடு வருகிற பிள்ளைகள், ராத்திரி எந்த வீட்டில் என்ன தின்றதோ. டீச்சர் செல்போனைக் கைப்பைக்குள் போட்டார், படம் எடுத்தாரா எடுக்கவில்லையா என்று தாமரைக்குத் தெரியவில்லை. "இன்னிக்கு மட்டும்" என்றார் டீச்சர், யாரிடமோ கெஞ்சுகிற மாதிரி. "மழ விடட்டும். இன்னிக்கு மட்டும் செவுத்தோரமா உக்கார வெச்சிடுவோம். சாப்டட்டும், பாவம்." புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து பாளத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு நிமிராமல் அப்படியே இருந்தார். இன்னொரு பக்கத்தைத் தாமரை பிடித்தாள். இரண்டு பேருமாகத் தூக்கி, பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து, பின்வாசல் வழியாக மழைக்குள் கொண்டுபோனார்கள். போடும்போது கோழி கத்திக்கொண்டு பறந்தது. அவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை.

அம்சா ஜமுக்காளத்தை விரித்துவிட்டிருந்தாள். தாமரை பொங்கல் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "வாங்க மாப்ளைங்களா, பொண்ணுங்களா, மொய் வெக்காதவங்களுக்குப் பொங்கல் கெடையாது" என்று கத்தினாள், தினமும் கத்துகிறதுதான். குரல் எங்கேயோ தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். எல்லாரும் சுவரோரமாக உட்காருங்க என்று சொல்லத்தான் டீச்சர் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் ஒருத்தர்கூட நடுவே நடக்கவில்லை. குழிந்திருந்த இடத்தைத் திரும்பியும் பார்க்காமல், மாட்டுக்கு வழி தெரிகிற மாதிரி, கால் தானாகச் சுவரோரமாகச் சுற்றிப் போயிற்று. உட்கார்ந்ததும் தட்டை மடிக்கு இழுத்து, முதுகை வளைத்து, இடது கையைத் தட்டுக்கு மேலே குடை மாதிரி விரித்துக்கொண்டார்கள், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளை எல்லாரும் ஒரே மாதிரி, யாரோ சொல்லிக்கொடுத்துப் பழக்கியது மாதிரி. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒண்ணாப்புப் பையன் பிரதீஷ் மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு நடுவே போய் நின்றான், அண்ணாந்து கம்பியைப் பார்த்தான், வாய் பிளந்திருந்தது. நிரு எழுந்து ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து தன் பக்கத்தில் உட்கார வைத்தது. கோணல் வகிடு, தானே எடுத்துக்கொண்டது. மருந்து எரிந்த இடத்தில் நெற்றியோரம் இன்னும் சிவப்பு. "அங்க போகாத. மேல பாக்காத, பாத்தா கண்ணுல விழும்" என்றது, பெரிய மனுஷி மாதிரி, அவன் தலையைக் கையால் மெதுவாக அமுக்கி. "குனிஞ்சிக்க. கைய இப்பிடி வெச்சிக்க. தட்ட மட்டும் பாத்துச் சாப்புடு, ஒண்ணும் ஆவாது." பையன் குனிந்துகொண்டான். சின்னக் கை, தட்டில் பாதியைக்கூட அது மறைக்கவில்லை. தாமரை அவன் விரல்களுக்கு நடுவே பொங்கலை வைத்தாள். அடுத்து நிருவுக்கு வைத்தாள். நிரு நிமிர்ந்து அம்மாவைப் பார்க்கவில்லை. அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு. தாமரையும் மேலே பார்க்கவில்லை, தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு வரிசையாக வைத்துக்கொண்டே போனாள்.